சம்பள வேலையும் சொந்தப் படமும்: கொழும்பில் தமிழில் இயக்குநராக வாழ்வது பற்றி

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: பட்டப்படிப்பு முடிந்தது, இரண்டு குறும்படங்கள் எடுத்திருக்கிறேன், ஒரு தமிழ் அலைவரிசையில் உதவித் தயாரிப்பாளர் வேலை கிடைத்திருக்கிறது. அதை எடுப்பதா, சுயாதீன இயக்குநராகவே நின்றுபிடிப்பதா, இல்லை சென்னைக்குப் போவதா? கமரா வாங்குவதா என்றும் கேட்டிருக்கிறார். வீட்டில் கணக்கியல் படிக்கச் சொல்கிறார்கள் என்பதையும் கடைசி வரியில் போட்டிருக்கிறார். மூன்று வழி பற்றிக் கேட்டாலும் உள்ளே இருப்பது ஒரே பயம் என்றுதான் எனக்குப் படுகிறது. மாதச் சம்பளத்துக்குத் தொலைக்காட்சியில் உட்கார்ந்தால், எனக்குள் இருக்கும் இயக்குநர் செத்துப்போவாளா? அதற்குத்தான் இங்கே பதில் எழுதுகிறேன்.

வேலையை எடுங்கள். ஆனால் எதைக் கொடுக்கிறீர்கள், எதை உங்களிடமே வைத்துக்கொள்கிறீர்கள் என்பது எழுத்தில் தெளிவான பிறகு கையெழுத்து வையுங்கள். நான் தொலைக்காட்சியில் தயாரிப்பாளராகத் தொடங்கி, பிறகு வெளியே வந்து ஆவணப்படமும் டெலி நாடகமும் இயக்கிப் பிழைப்பவன். தளம், எடிட் மேசை, ஒப்பந்தம், வராத செக் இவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்வேன். படத்தைத் திரையரங்குக்கு விற்பது என் தொழில் அல்ல, அதனால் அந்தப் பக்கம் பேச மாட்டேன்.

முதலில் தர்மசேன பத்திராஜவின் பாதையைப் பாருங்கள். சிங்களச் சினிமாவின் மிக முக்கியமான இயக்குநர்களில் ஒருவர். யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்த தொடர்பில் 1977இல் 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தையும் எடுத்தார். சீதனம், சாதி என்று நாங்கள் வீட்டுக்குள் மூடி வைத்திருந்ததை எடுத்து வெளியே போட்ட படம் அது. திரையரங்கில் ஓடவில்லை. இன்றைக்கு இலங்கைத் தமிழ்ச் சினிமா என்று யாராவது பேச்சைத் தொடங்கினால் முதலில் வரும் பெயர்களில் அதுவும் ஒன்று. 1981இல் 'சொல்தாது உன்னெஹே' வந்த பிறகு அவருடைய அடுத்த முழுநீளப் படம் 2001இல்தான் வந்தது. இருபது வருடம்! அந்த இருபது வருடமும் அவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், 'எல்ல லங்க வலவ்வ', 'கடுல்ல' போன்ற தொலைக்காட்சி நாடகங்களை இயக்கினார். அவற்றைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள், படம் எடுக்க முடியாத மனிதன் வேறு வழியில்லாமல் செய்த வேலை என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கமராவை எங்கே வைப்பது, மனிதர்களை எப்படிப் பேசவிடுவது என்பதில் அதே ஆள்தான் இருந்தார்.

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸும் அரசாங்கத் திரைப்படப் பிரிவில் ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர்தான். அங்கே கூட வேலை செய்த ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக்கும் தொகுப்பாளர் டைட்டஸ் தொட்டவத்தவும் அவரோடு சேர்ந்து வெளியே வந்து 1956இல் 'ரேகாவ' எடுத்தார்கள். அடுத்த வருடம் அது பிரான்சின் கான் திரைப்பட விழாப் போட்டியில் இருந்தது. தனக்கு வேண்டிய ஆட்களை அவர் சம்பள வேலையில்தான் கண்டுபிடித்தார். அலைவரிசைக்குள் போனால் உங்களுக்கும் அதுதான் பெரிய இலாபம். யார் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்கிறார், எந்த லைட் தம்பி சொல்லாமலே நிழலைக் கவனிக்கிறார், எந்த எடிட்டர் உங்கள் முகத்துக்காகப் பொய் சொல்வதில்லை என்பதை எந்த வகுப்பிலும் கண்டுபிடிக்க முடியாது.

தளம் என்ன கற்றுத்தரும் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் குறும்படம் எடுத்தவர்கள் இதைக் குறைவாக மதிப்பிடுகிறார்கள். அரை மணி நேர நாடகம் என்றால் விளம்பரம் போக உங்கள் கையில் இருப்பது 22 நிமிடத்துக்கு உட்பட்ட நேரம். ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு எபிசோட் எடுக்கச் சொல்வார்கள். வெள்ளவத்தை மரின் டிரைவ் பக்கம் ஒரு மாடி வீட்டில் தாயும் மகளும் பேசும் காட்சி என்று வைத்துக்கொள்வோம். கடற்கரை ரயில் பாதை கீழே. மகள் உண்மையைச் சொல்ல வாயெடுக்கிற நேரத்தில் ரயில் வரும், அதுவும் ஹோர்ன் அடித்துக்கொண்டே வரும். தெரியாத இயக்குநர் நடிகையை மறுபடி மறுபடி அழ வைத்துக் களைப்பாக்குவார். தெரிந்தவர் முதல் நாளே அந்த வீட்டில் ஒரு மணி நேரம் சும்மா இருந்து, ரயில் நேரத்தைக் குறித்து வைத்து, நீண்ட வசனத்தை இரண்டு ரயிலுக்கு நடுவே போட்டுவிட்டு, கதவு திறப்பது, தேத்தண்ணி ஊற்றுவது போன்ற பேச்சில்லாத ஷொட்களை ரயில் நேரத்துக்கு ஒதுக்குவார். காட்சி முடிந்ததும் ஒருவரையும் அசையவிடாமல் அந்த அறையின் வெறும் சத்தத்தை அரை நிமிடம் பதிந்து எடுப்பார். எடிட்டில் வசனத்துக்கு இடையே வரும் ஓட்டையை மூட அதுதான் கைகொடுக்கும். இரைச்சலுக்காகப் பிரிட்ஜை நிறுத்தினால் வீட்டுச் சாவியை அதற்குள்ளே வையுங்கள், போகும்போது திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். வீட்டுக்காரரின் மீன் கெட்டுப்போனால் அடுத்த தடவை அந்த வீடு கிடைக்காது.

லைட்டும் அப்படித்தான். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பழைய டியூப் லைட் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். சினிமாக் கணக்கில் விநாடிக்கு 24 பிரேம் வைத்து ஷட்டரை, அதாவது ஒரு பிரேம் ஒளி வாங்கும் நேரத்தை, 1/48 விநாடியில் விட்டால் சுவரில் மெல்லிய துடிப்பு வரும். 1/50க்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், சில மலிவான எல்ஈடி பல்புகள் மட்டும் அதற்கும் அடங்காது. கமராவின் சின்னத் திரையில் இது தெரியாது, எடிட் மேசையில்தான் தெரியும். தொலைக்காட்சி 25 பிரேம், விழாத் திரை 24 பிரேம். எதற்கு எடுக்கிறோம் என்பதைப் படப்பிடிப்புக்கு முன்னமே முடிவு செய்யவேண்டும், பிறகு மாற்றினால் சத்தம் இழுபடும். உங்கள் குறும்படங்களில் இந்தச் சிக்கல்கள் வந்திருந்தால், அலைவரிசையில் சில மாதத்திலேயே கைவந்துவிடும்.

தொலைக்காட்சி கெடுக்கும் இடமும் இருக்கிறது. எல்லாவற்றையும் பேசவைத்தே சொல்வது, ஒவ்வொரு வசனத்துக்கும் குளோசப், மௌனம் வந்தால் இசையைப் போட்டு நிரப்புவது. இது கையில் படிந்துவிட்டால் கழுவுவது கஷ்டம். இதைவிட எனக்குக் கவலை தருவது பேச்சு. ஒரு அலைவரிசைக்கு நான் நாடகம் செய்தபோது, 'வாங்கோ, இருங்கோ' என்று வரும் இடங்களை 'வாங்க, உக்காருங்க' என்று மாற்றச் சொன்னார்கள். எல்லாருக்கும் விளங்க வேண்டுமாம். கொழும்பில் ஒரு மாடி வீட்டை எடுத்துப் பாருங்கள். அம்மம்மா யாழ்ப்பாணத்துப் பேச்சு, பேத்திக்கு சிங்களமும் இங்கிலீஷும் கலந்த கொழும்புப் பேச்சு, சமைக்க வரும் அக்கா ஹட்டன் பக்கம், மேல்வீட்டு மாமா மட்டக்களப்பு, வாய்க்கு வாய் 'மனே' என்பார். பக்கத்து முஸ்லிம் வீட்டின் தமிழ் இவை எதிலும் சேராத தனி அழகு. இத்தனையும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறது. சன் டிவி பார்த்து வளர்ந்த எங்கள் பார்வையாளருக்கு இது விளங்காது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அவர்கள் வீட்டிலேயே இதைத்தான் பேசுகிறார்கள். உங்கள் சொந்தப் படத்தில் இதை விட்டுக்கொடுக்காதீர்கள். அலைவரிசை வேலையில் எவ்வளவு காப்பாற்ற முடியுமோ அவ்வளவு காப்பாற்றுங்கள், ஒரு பாத்திரத்தையாவது அதன் ஊர்ப் பேச்சில் பேசவிடுங்கள்.

இனி கடதாசி விசயம். இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, ஒவ்வொரு வரியும் காசோடு சம்பந்தப்பட்டது. முதலாவது, நியமனக் கடிதத்தில் நீங்கள் ஊழியரா, ஒப்பந்தக்காரரா என்று பாருங்கள். ஊழியர் என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம், நிறுவனம் 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் 3 வீதம் கட்ட வேண்டும். 'ஃப்ரீலான்ஸ்' என்று எழுதிவிட்டுக் காலை எட்டிலிருந்து இரவு வரை இருத்தி வைக்கும் வழக்கம் இந்தத் துறையில் பரவலாக இருக்கிறது. அப்படியென்றால் இந்தப் பணம் ஒன்றும் வராது. கணக்கியல் படிக்கச் சொல்லும் அப்பாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். அவருடைய கவலைக்கும் மரியாதை கொடுத்ததாக இருக்கும், அவர் கண்ணுக்கு உங்களுக்குத் தெரியாதது தெரியும்.

இரண்டாவது, உரிமை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாவிட்டால், வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்குவதன் பொருளாதார உரிமை வேலை கொடுப்பவருக்குப் போகும். படம், நாடகம் போன்றவற்றில் அது தயாரிப்பாளருடையது. நீங்கள் இயக்கியது என்பதால் உங்களுடையது ஆகிவிடாது. உங்கள் பெயர் வரவேண்டும், படைப்பைச் சிதைக்கக்கூடாது என்று கேட்கும் தார்மீக உரிமை மட்டும் படைத்தவரிடம் நிற்கும். ஆகவே சேரும் முன் இரண்டு குறும்படங்களும், எழுதி வைத்திருக்கும் கதைகளும் உங்களுடையவை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வேலை நேரத்துக்கு வெளியே, நிறுவனக் கருவி பயன்படுத்தாமல் எடுப்பது உங்களுடையது என்று இன்னொரு வரி. பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், ஏனென்றால் இதுவரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். மறுத்தால் அதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்கலாம். எனக்குத் தெரிந்த திறமையான பிள்ளைகள் சிலர், தாங்கள் எழுதிய தொடரை வேறு ஒருவர் இயக்க, அதை வீட்டிலிருந்து பார்த்தார்கள். ஒரு வரி எழுதியிருந்தால் தடுத்திருக்கலாம்.

வேலையை விட்டு வெளியே வந்த பிறகு எப்படிப் பிழைப்பது என்று கேட்பீர்கள். கொழும்பில் தமிழ் இயக்குநர் ஒருவரின் மாதம் சிங்கள விளம்பரத்தின் தமிழ் வடிவம், அரசு சாரா நிறுவனங்களின் ஆவணப்படம், கலியாண வீடியோ, சப்டைட்டில், சிங்களப் படத்தில் வரும் தமிழ் வசனத்தைச் சரிபார்த்து நடிகருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று பல துண்டுகளாகத்தான் நிரம்பும். இவற்றில் ஒன்றையும் இழிவாக நினைக்காதீர்கள். சிங்களம் கட்டாயம் தேவை. கமரா வாடகைக்குத் தருபவர், லைட் ஆட்கள், ஒலிக் கலவை ஸ்டுடியோ எல்லாம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கிறது. இரவு பன்னிரண்டு மணிக்கு ஜெனரேட்டர் நின்றால் நீங்கள் நேரே பேசவேண்டும், இன்னொருவர் மொழிபெயர்க்கும்வரை காத்திருக்க முடியாது. பாதிப் பணம் முன்கூட்டி வாங்காமல் கமராவைத் தூக்காதீர்கள், மீதி வரும்வரை நீர்க்குறி (வாட்டர்மார்க்) போட்ட பிரதியை மட்டும் கொடுங்கள். 2023 முதல் ஒருவரிடமிருந்து மாதத்தில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் வந்தால் 5 வீதம் பிடித்துவைத்துத்தான் தருவார்கள். அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிக் கோப்பில் போடுங்கள், வருட முடிவில் வரிக் கணக்கில் கழிக்கலாம். ஆறு மாதச் செலவு வங்கியில் இல்லாமல் வெளியே வரவேண்டாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, பெற்றோலும் இல்லாமல் படப்பிடிப்புகள் நின்றன. சம்பளக்காரருக்குச் சம்பளம் பிந்தி வந்தது. எங்களுக்கு ஒன்றும் வரவில்லை.

சென்னை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா புனே திரைப்படக் கல்லூரிக்குப் போய், இந்தியச் சினிமாவின் பெரிய ஒளிப்பதிவாளராகவும் இயக்குநராகவும் ஆனார். அது நடந்த கதை, கனவல்ல. ஆனால் அவர் போனது படிப்பதற்கு. நீங்களும் படிக்கப் போவதென்றால் மனப்பூர்வமாகச் சம்மதம். சுற்றுலா விசாவில் போய் உதவி இயக்குநராகச் சேர்வது வேண்டாம். அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை, பிடிபட்டால் திரும்பவும் போகமுடியாமல் ஆகலாம். பெண் பிள்ளை, தெரியாத ஊர், சம்பளம் இல்லாத வருடங்கள், இதை எல்லாம் நினைத்துத்தான் சொல்கிறேன்.

வெளிநாட்டு நிதி உங்கள் மூன்றாவது படத்துக்கு ஒரு உண்மையான வாசல். ரொட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி கதை எழுதும் கட்டத்திலேயே உதவும். பெர்லின் விழாவோடு சேர்ந்த உலக சினிமா நிதிக்கு ஒரு ஜெர்மன் தயாரிப்பு நிறுவனம் கூட நிற்க வேண்டும். தென் கொரியாவின் பூசான் விழாவில், படத் திட்டங்களுக்குப் பங்காளிகளைத் தேடும் ஆசியத் திட்டச் சந்தை இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லொகார்னோ விழாவின் 'ஓப்பன் டோர்ஸ்' திட்டம் 2016 முதல் 2018 வரை தெற்காசியாவுக்கென்று ஒதுக்கப்பட்டபோது இலங்கையும் அதில் இருந்தது. இவர்கள் கேட்பது கதை, இயக்குநர் குறிப்பு, வரவுசெலவு, முன்பு எடுத்த படத்தின் இணைப்பு. அதோடு கதை உங்களுடையது என்பதற்கு ஆதாரம். மேலே சொன்ன அந்த ஒரு வரி இங்கேயும் வந்து நிற்கிறது. கிடைக்குமா என்பது வேறு கேள்வி. நல்ல திட்டங்கள் பல தடவை திரும்பி வந்ததையும், நான் நம்பாத ஒன்று முதல் தடவையே போனதையும் பார்த்திருக்கிறேன். தேர்வாளர் மனதை ஊகித்து எழுதுவது பயனில்லை. இணையத்தில் கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாருக்கும் பரிசு கொடுக்கும் விழாக்களுக்குப் பணம் அனுப்பாதீர்கள். யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழா 2015இலிருந்து நடக்கிறது, கொழும்பிலும் குறும்பட விழாக்கள் இருக்கின்றன. எங்கள் சனம் பார்த்துக் கேள்வி கேட்கும் மண்டபத்தில் முதலில் உட்காருங்கள்.

அந்தக் கேள்விகள் சில வேளை கடினமாக இருக்கும் என்பதையும் மறைக்கமாட்டேன். போரைப் பற்றிய பிரசன்ன விதானகேயின் சிங்களப் படம் 'புரஹந்த களுவர' 2000இல் அரசால் நிறுத்தப்பட்டு, உயர் நீதிமன்றம் வரை போய் 2001இல்தான் திரையிட வழி பிறந்தது. ஜூட் ரட்ணம் ஏறத்தாழ பத்து வருடம் உழைத்த, தமிழ் இயக்கங்களின் வன்முறையையும் பேசிய 'டீமன்ஸ் இன் பரடைஸ்' ஆவணப்படம் 2017இல் கானில் காட்டப்பட்டது. அடுத்த வருடம் யாழ்ப்பாண விழாவின் நிகழ்ச்சியிலிருந்து அது எடுக்கப்பட்டது. இங்கே தமிழில் படம் எடுப்பவருக்கு நெருக்கடி ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதில்லை. கதை எழுதும்போதே இதற்குப் பயந்து வெட்டாதீர்கள். எழுதி முடித்த பிறகு, யாருடைய முகத்தையும் பெயரையும் காட்டினால் அவருக்கு ஆபத்து வருமா என்று மட்டும் உட்கார்ந்து யோசியுங்கள். ஆவணப்படத்தில் பேசியவர் கொழும்பில் விழா முடிந்த பிறகும் அதே ஊரில்தான் வாழவேண்டும்.

யூடியூப்பில் சொந்த அலைவரிசை தொடங்கி வாழ முடியுமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். புலம்பெயர்ந்த எங்கள் ஆட்கள் பார்ப்பதால் சிலருக்கு அது சரிவந்திருக்கிறது. கதைப்படம் எடுப்பவருக்கு அது நிரந்தர வருமானமாக நிற்கும் என்று நான் நம்பவில்லை, ஆனால் இது கணிப்புத்தான். உங்கள் வயதுக்காரர் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

கமரா வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள், இரண்டு வருடத்தில் பழசாகிவிடும். அந்தக் காசில் ஒரு நல்ல மைக்கும் ஹார்ட் டிஸ்க் மூன்றும் வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் பற்றி நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம். ஹெந்தளையில் விஜயா ஸ்டுடியோவை நடத்தியவர் கே. குணரத்தினம். இந்த நாட்டுச் சினிமாவைக் கட்டியதில் தமிழருக்குப் பெரிய பங்கு. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிரான கலவரத்தில் அந்த ஸ்டுடியோ எரிக்கப்பட்டது, இயக்குநர் கே. வெங்கட் கொல்லப்பட்டார், படச்சுருள்கள் பல சாம்பலாயின. எங்கள் பழைய படங்களில் சிலவற்றை இன்று ஒருவராலும் பார்க்க முடியாது. உங்கள் இரண்டு குறும்படங்களின் மூலக் கோப்புகளும் இப்போது எங்கே இருக்கின்றன? ஒரே லப்டொப்பில் என்றால், இந்தக் கிழமையே மூன்று பிரதி எடுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று கொழும்பிலேயே வேறு வீட்டில், மூன்றாவது நாட்டுக்கு வெளியே இருக்கும் ஒரு சொந்தக்காரரிடம். உறையின் மேல் படத்தின் பெயர், வருடம், நடித்தவர், வேலை செய்தவர் எல்லாருடைய பெயரையும் எழுதுங்கள், வருடத்தில் ஒரு தடவை மூன்றையும் சொருகித் திறந்து பாருங்கள்.